முன்பணமாக வந்த மூட்டை

"விளக்கு வச்சாச்சா?" என்று அந்த அம்மா கேட்டார்.

அவருடைய வலது கை இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை மூடிக்கொண்டிருந்தது. என் கை கவுண்டர் மேல் காசுக்காக நீண்டிருந்தது. அவர் என் கையைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, எங்கள் தங்கும் ஓட்டலின் சீன முதலாளி தவுக்கேயின் சாமி மாடத்தில் எரிந்த சிவப்பு பல்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். மலை மேல் இருக்கும் எங்கள் பிரிஞ்சாங் கடைத்தெருவைப் பனி மூடிவிட்டது. எதிரில் இருந்த காய்கறிக் கடையின் பலகை தெரியவில்லை, உருளைக்கிழங்கு மூட்டையின் மண்வாசனை மட்டும் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. மலையடிவாரத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸும் போயாகிவிட்டது.

"அது எப்பவும் எரியுறதும்மா. நடுப்பகல்லயும் எரியும். அது விளக்குக் கணக்குல வராது" என்றேன்.

"சாமிக்கு முன்னால எரியுதுல்ல? அப்ப விளக்குதான். வெள்ளிக்கிழமை விளக்கு வச்ச பின்னாடி நான் காசு எடுத்துக் குடுக்க மாட்டேன். காலையில வாங்கிக்கலாம்."

"காசு குடுக்காம நான் சாவி குடுக்க முடியாதும்மா."

"வாங்குற உனக்கு ஒண்ணுமில்ல தாயீ. குடுக்கிற வீட்டுலேருந்துதான் லெட்சுமி எறங்கிப் போவா."

பக்கத்தில் நின்ற கணவர், குளிருக்கு இரண்டு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தவர், சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார். அது சீனக் காலண்டர்.

எனக்கு அந்த அம்மா சொன்னது புதிதில்லை. எங்கள் எஸ்டேட் லயத்து வீட்டிலும் அம்மா வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்துவிட்டால் பக்கத்து வீட்டுக்கு ஒரு தீப்பெட்டி கொடுக்கமாட்டார். "காலையில வா, பெட்டியோட தர்றேன்" என்பார். அதனால் இந்த அம்மா சொல்வது பொய்யில்லை என்று மனம் சொன்னது.

அடுத்த நொடியே இன்னொன்றும் சொன்னது. தமிழ்ப் பெண் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாள், இதைச் சொன்னால் தட்டமாட்டாள் என்று தெரிந்துகொண்டே வந்தவளாக இருந்தால்?

காசு கொடுப்பவர் மேல் என்ன கோபம்?

போன வாரம் நான் ஓட்டல் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியதும் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "கையில் காசோடு வருபவரைக் கடைக்காரர் கும்பிட்டுக் கூப்பிடுவார். ஓட்டல்காரர்கள் மட்டும் ஏன் அவரை ஏற இறங்கப் பார்க்கிறார்கள்?"

நியாயமான கேள்வி. நானும் முதல் மாதம் இதையேதான் கேட்டேன். எங்கள் எஸ்டேட்டில் எல்லாமே ரொக்கம். சம்பளம் ரொக்கம், சீட்டு ரொக்கம், கல்யாண மொய் ரொக்கம். காசை நீட்டுகிறவர் யோக்கியர், "அப்புறம் பார்க்கலாம்" என்கிறவர்தான் ஆபத்து என்று வளர்ந்தவள் நான்.

ஓட்டலில் இது தலைகீழாக இருந்தது. கோலாலம்பூரிலிருந்து கம்பெனி கடிதத்தோடு வருகிறவர் ஒரு காசு கொடுக்காமல் மூன்று நாள் தங்குவார், கோழி சாப்பிடுவார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவருக்கு வணக்கம். பிறகு எண்பதுகளில் பிளாஸ்டிக் கடன் அட்டை வந்தது. அதை இரும்புப் பெட்டியில் வைத்து 'கறக் கறக்' என்று இழுத்தால் அவருக்கு இன்னும் பெரிய வணக்கம். காசு கொடுப்பவருக்குத்தான் கேள்வி மேல் கேள்வி.

காரணம் இதுதான். கடையில் காசைக் கொடுத்து சாமானை வாங்கினால் விவகாரம் முடிந்தது. ஓட்டலில் காசை வாங்கிக்கொண்டு ஒரு வீட்டையே கையில் கொடுக்கிறோம். கட்டில், கம்பளி, கண்ணாடி, கதவு எல்லாம் உள்ளே. கம்பெனிக்காரர் திரைச்சீலையில் சிகரெட் ஓட்டை போட்டால் கம்பெனிக்குக் கடிதம் போடலாம். காசுக்காரருக்கு எங்கே போடுவது? அவருடைய பெயர் அவர் வாயால் சொன்னது. ஊரும் அப்படியே.

அடையாளம் விட விரும்பாதவர்களும் ரொக்கத்தைத்தான் தேடுவார்கள். வீட்டுக்குத் தெரியாமல் ஓடி வந்த ஜோடிகள், நாலு நம்பர் சூதாட்டச் சீட்டு எழுதுகிறவர்கள், வட்டிக்காரனுக்குப் பயந்து மலையேறியவர்கள். எல்லாரையும் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் நல்லவர்கள்தான். எந்தப் பாதி என்பது போன பிறகுதான் தெரியும்.

கோட்டுக்காரர்

எனக்கு அது தெரியவந்தது ஒரு மழைக்காலத்தில்.

கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். தமிழர்தான், தமிழில் இங்கிலீஷ் கலந்து பேசினார். ஒரு வாரத்துக்கான பணத்தை முன்கூட்டியே கட்டினார். புது நோட்டு, விரித்தால் மடங்காது. கதவு திறந்தவருக்கு இனாம், தேத்தண்ணி கொண்டுபோனவருக்கு இனாம். அறை கூட்டும் பச்சையம்மா அக்காவுக்கும் ஒரு நோட்டு.

அக்கா அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "கை என்னமோ தாராளமாத்தான் இருக்கு சரோ. கண்ணுதான் சிரிக்கல."

நான் கேட்டுச் சிரித்தேன். அக்காவுக்கு எல்லாரையும் பற்றி ஒரு வாக்கியம் உண்டு.

கோட்டுக்காரர் எங்கள் வரவேற்பு அறையிலேயே நாற்காலி போட்டு வியாபாரம் பேசினார். சிங்கப்பூருக்குக் காய்கறி அனுப்பப் போகிறாராம். கியா பார்ம் பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எஸ்டேட் வேலையை விட்டு ஒரு துண்டு நிலத்தில் தக்காளி போட்டிருந்த எங்கள் பழைய அண்டை வீட்டுப் பெரியப்பாவும் வந்தார். நான்தான் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன்.

வாரக் கடைசியில் இரண்டு லோரி தக்காளியும் கோஸும் மலையிறங்கின. பின்னாலேயே கோட்டும் இறங்கியது. விற்ற காசு வரவில்லை, ஆளும் வரவில்லை.

தோட்டக்காரர்கள் வந்து கவுண்டர் முன்னால் நின்றார்கள். யாரும் கத்தவில்லை. பெரியப்பா மட்டும் என்னிடம் கேட்டார்.

"ஏம்மா சரோ, நீதானே அவருக்குத் தேத்தண்ணி ஊத்துன? நீ சிரிச்சுப் பேசுன, அதைப் பார்த்துத்தான் நானும் நம்புனேன்."

போலீஸ் வந்து பெயர் கேட்டது, சொன்னோம். அடையாள அட்டையான ஐசியின் நம்பர் கேட்டது. இல்லை. நோட்டு புதுசாக இருந்ததால் யாரும் ஐசி கேட்கவில்லை.

அன்றைக்குத் தவுக்கே ஒரு சட்டம் போட்டார். அவர் தமிழ், மலாய், சீனம் மூன்றையும் ஒரே சட்டியில் போட்டு வதக்குவார். "காசு ஆள் வந்தா முதல்ல ரூம் காசு. அப்புறம் டெப்பாசிட். ரெண்டும் இல்ல, சாவி இல்ல. நீ குடுத்தா, நீயும் இல்ல. மெங்கெர்த்தி?"

புரிந்தது என்று தலையாட்டினேன்.

இரண்டு சம்பளத்தில் ஒன்று

'நீயும் இல்லை' என்பதன் எடை எனக்குத்தான் தெரியும். அப்பா தேயிலைச் சரிவில் விழுந்து இடுப்பு ஒடிந்தபிறகு வீட்டில் இருந்தது இரண்டு சம்பளம். அம்மாவின் கொழுந்துக் கூடை ஒன்று, என் கவுண்டர் ஒன்று. மழையில் கூடை நிறையாது. கவுண்டருக்கு மழையில்லை.

அந்தக் கவுண்டர்தான் வீட்டில் சண்டைக்கும் காரணம். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடம் கூடி வந்து கலைந்துபோனது. ஜாதகத்தில் குறை இல்லை, முகத்திலும் இல்லை. "ஓட்டல்ல வேலை பார்க்கிற பொண்ணாமே" என்ற ஒரு வார்த்தைதான். அந்த 'ஆமே'யில் எல்லாம் இருந்தது.

மூன்றாவதாக ஒரு பேச்சு அப்போது அடிபட்டது. எங்கள் ஓட்டல் சமையல்கட்டுக்குக் காய்கறி இறக்கும் லோரிக்காரர் மணியம். நான் கணக்குப் பார்க்கும்போது தராசைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பார், கோஸ் எடை குறையும். அவர் வீட்டில் கேட்டிருக்கிறார்களாம். கீழே, தாப்பா பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட். "பொண்ணு பார்க்க வருவாங்க, எப்பன்னு சொல்லல. அதுக்குள்ள வேலையை விட்டுரு" என்று அம்மா தினமும் அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அடுப்பு என்னிடம் சொல்லும் என்று நினைப்பு.

நான் விடுவதாக இல்லை.

சாவிக்கு ஈடு

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

தவுக்கே ஈப்போவுக்குப் போயிருந்தார், மறுநாள் காலையில்தான் வருவார். கேட்க ஆளில்லை. முடிவு என்னுடையது.

"பேரு சொல்லுங்க ஐயா."

"ராமசாமி" என்றார் கணவர், காலண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எங்கள் எஸ்டேட்டில் மட்டும் நாலு ராமசாமி. பொய் சொல்கிறவர்களுக்கும் அந்தப் பெயர்தான் முதலில் வாயில் வரும்.

"ஐசி?"

"வீட்டுல மறந்து வச்சுட்டேன்மா."

"எந்த ஊரு?"

"கீழ."

"கீழன்னா?"

"கீழதான்" என்றார் அந்த அம்மா, கணவர் வாயைத் திறக்கும் முன்.

காசும் இல்லை, ஐசியும் இல்லை, ஊரும் இல்லை. இருந்தது ஒரு மூட்டை. வெள்ளைப் படுக்கை விரிப்பில் நாலு முனையும் இறுக்கிக் கட்டியது. அதை அந்த அம்மா இடுப்பில் பிள்ளையைப் போல வைத்திருந்தார். தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று பச்சையம்மா அக்கா கையை நீட்டியதும் இரண்டடி பின்னால் போய்விட்டார். உள்ளே ஏதோ 'கிணிங்' என்றது.

வெளியே பார்த்தேன். பனியில் தெருவிளக்கு அவித்த முட்டைபோல நின்றது. இந்த இரண்டு பேரை அதற்குள் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அனுப்பாவிட்டால் என் வேலை.

"சரிம்மா, காசு காலையில குடுங்க" என்றேன். "அதுவரைக்கும் ஈடா அந்த மூட்டையை வைங்க. பூட்டி வைக்கிறேன். காலையில காசு கட்டுனதும் கட்டு அவிழாமத் தர்றேன். மூட்டையை வைங்க, சாவியைத் தர்றேன்."

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அப்படி ஒரு முகத்தை நான் போலீஸ் கேள்வி கேட்கும்போதுதான் பார்த்திருக்கிறேன்.

"இதை மட்டும் குடுக்க முடியாது."

"வெள்ளிக்கிழமை மூட்டையும் குடுக்கக் கூடாதாம்மா?" என்று அக்கா இடையில் புகுந்தார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"நீ சும்மா இரு. நாங்க திண்ணையில்கூட படுத்துக்கறோம்—"

"இந்தக் குளிர்லயா? எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு" என்றார் கணவர். சொன்னதோடு, மனைவியின் இடுப்பிலிருந்த மூட்டையை இரண்டு கையாலும் வாங்கி, என்னிடம் நீட்டினார். "இந்தாம்மா. வாங்கிக்க."

நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். நல்ல கனம். உள்ளே உருண்டையாக ஒன்று உருண்டு ஓரத்தில் 'டொக்'கென்று முட்டியது.

அந்த அம்மா கண்ணை மூடித் திறந்தார். "போச்சு" என்றார். அவ்வளவுதான். சாவியை வாங்கிக்கொண்டு இருவரும் மாடியேறினார்கள்.

உருண்டையாக என்ன?

மூட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அக்கா கதவில் காதை வைத்தார்.

"உருண்டையா ஒண்ணு இருக்கு சரோ. தலையா இருக்குமோ?"

"சும்மா இருங்கக்கா."

"பித்தளைச் சத்தமும் கேக்குது. எந்தக் கோயில்லயாவது தூக்கிட்டு வந்திருப்பாங்களா? அந்தப் பொம்பளை முழியே சரியில்ல. நான் கம்பளி குடுக்கப் போனேன், கம்பளியைத் தொட்டுக்கூடப் பார்க்கல. உன்னைப் பத்தியே கேக்குது."

"என்னைப் பத்தியா?"

"இந்தப் பொண்ணு எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகும், யாரு கூட்டிட்டுப் போவா, மாடிக்கு வருமா, கவுண்டர்ல ஆம்பளைங்க நின்னு பேசுவாங்களா... ஒண்ணு விடாம. நான் சொன்னேன், அவ ரிங்லெட் பஸ்ல அப்பாவோட சிநேகிதரு கூடப் போவா, மாடிப்படியில கால் வச்சு நான் பார்த்ததில்லன்னு. ஏன் கேக்குறீங்கன்னா, சும்மாங்குது."

கவுண்டரில் யார் எப்போது இருப்பார், எப்போது இருக்கமாட்டார் என்று எதற்குக் கேட்பார்கள்? காசுப் பெட்டிக்குத்தானே.

பஸ்ஸில் வீடுபோய்ச் சேரும்வரை அலமாரிச் சாவியைக் கைக்குள் வைத்திருந்தேன். உள்ளங்கையில் அதன் பல் பதிந்துவிட்டது.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன். கணவர் எனக்கு முன்னாலேயே வரவேற்பு அறையில் உட்கார்ந்திருந்தார். எதிரில் ஒரு தேத்தண்ணி, ஆடை கட்டி ஆறிப்போய் இருந்தது. கண் கவுண்டர் மேலேயே. நான் பெட்டியைத் திறந்தால் பார்க்கிறார், மூடினால் பார்க்கிறார். வாடிக்கைக்காரர் ஒருவர் வந்து ஏதோ கிண்டலாகச் சொன்னார், நான் முகம் கொடுக்காமல் பதில் சொன்னேன். அதையும் பார்த்தார். ரொம்பத் தைரியமான திருடர் என்று நினைத்துக்கொண்டேன்.

எடுக்காமல் போனவர்கள்

வெயில் கவுண்டர்வரை வந்ததும் அந்த அம்மா இறங்கி வந்தார். சுருக்குப் பையை அவிழ்த்தார். நோட்டெல்லாம் பழசு, துணிபோல மெத்தென்று இருந்தன, கற்பூர வாசனை அடித்தது. பாக்கியில்லாமல் வைத்தார்.

"இருங்கம்மா, மூட்டையை எடுத்துத் தர்றேன்" என்று உள்ளே போனேன்.

அலமாரியைத் திறந்து, மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தால், வாசற்கதவு ஆடிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேரையும் காணோம்.

காசு கொடுக்காமல் ஓடியவர்களைத் தெரியும். கம்பளியோடு ஓடியவர்களைத் தெரியும். காசைக் கட்டிவிட்டு, தங்கள் சாமானை விட்டுவிட்டு ஓடியவர்களை நான் அதுவரை கேள்விப்பட்டதுகூட இல்லை.

சொல்லி வைத்ததுபோல அந்த நேரத்தில் தவுக்கே வந்து நின்றார். மூட்டையைப் பார்த்தார். "யாரு புன்யா? யாரோடது?"

சொன்னேன். காசு ஆள், ஐசி இல்லை, ராமசாமி, கீழே. ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் ஒரு படி இறங்கியது.

"சம்சு! கள்ளச் சாராயம்! இல்ல, திருட்டுச் சாமான்! போலீஸ் வந்தா என் லைசென்ஸ் போச்சு லா! தொற, தொற!"

அக்கா சாமியைக் கும்பிட்டுக்கொண்டு முடிச்சை அவிழ்த்தார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு விரிப்பை விலக்கினார்.

பித்தளைத் தாம்பாளம். அதில் குடுமித் தேங்காய். வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கு, குங்குமச் சிமிழ், கற்கண்டு, கறுக்க ஆரம்பித்த வாழைப்பழச் சீப்பு. எல்லாவற்றுக்கும் கீழே, மடிப்புக் கலையாத அரக்குச் சிவப்புச் சேலை.

அக்கா வாயில் கையை வைத்தார்.

"அடிப்பாவி! பரிசத் தட்டைக் கேட்டு வாங்கிப் பூட்டியில்ல வச்சிருக்க!"

எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தது. யார் கூட்டிப்போவார் என்ற கேள்வி. மாடிக்கு வருவாளா என்ற கேள்வி. ஆறின தேத்தண்ணி. காய்கறி லோரி மணியத்தின் அதே முழி அந்த அம்மாவுக்கு. பெண் பார்க்கச் சொல்லிக்கொண்டு வராமல், ஓட்டல்காரி எப்படிப்பட்டவள் என்று திருட்டுத்தனமாகப் பார்க்க வந்தவர்கள். பிடித்தால் அப்படியே எங்கள் லயத்துக்கு, பிடிக்காவிட்டால் அப்படியே கீழே. அதற்குத்தான் தட்டும் கையோடு.

மாப்பிள்ளையின் அப்பா கொடுக்க, நான் இரண்டு கையாலும் வாங்கியிருக்கிறேன். எங்கள் ஜனத்துக்குத் தெரியும் அதற்கு என்ன அர்த்தம் என்று. வீட்டுப் பெரியவர்கள் கூடி, சபையில் செய்யவேண்டிய நிச்சயத்தை நான் ஓட்டல் கவுண்டரில், சாவி கொடுத்து முடித்துவிட்டேன்.

தவுக்கேவுக்கு இது எதுவும் விளங்கவில்லை. "சாராயம் இல்லையா? அப்ப என்ன பயம்? காசு கட்டிட்டாங்களா?"

"கட்டிட்டாங்க."

"கட்டுனா டெப்பாசிட் திருப்பிக் குடுக்கணும். அதான் சட்டம். குடுக்கலைன்னா நம்மளும் கோட்டுக்காரன்தான். ஓடு! இந்த மூட்டை இங்க இருந்தா நீ இருக்காத."

டாக்சி நிலையம்

மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடினேன். சனிக்கிழமைக் கூட்டம், பூக்கட்டுகள், கூடைகள், எல்லார் மேலும் இடித்துக்கொண்டு. டாக்சி நிலையத்தில், இன்னும் இரண்டு ஆள் சேரட்டும் என்று நின்றிருந்த மஞ்சள் காருக்குப் பக்கத்தில் அவர்கள்.

"அம்மா, உங்க மூட்டை."

அந்த அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அது எங்களுது இல்ல."

"தெறந்து பார்த்துட்டோம்மா. யாரு நீங்கன்னு தெரியும்."

"தெரிஞ்சா வச்சுக்க. பொண்ணு கைக்குப் போன தட்டைத் திருப்பி வாங்குனா எம்புள்ள விளங்க மாட்டான்."

"நான் வாங்குனது தட்டு இல்லம்மா, டெப்பாசிட்டு."

"எதுக்கு வாங்குனாலும் கை உன் கைதானே?"

"அப்ப எதுக்கு ஒண்ணும் சொல்லாமப் போறீங்க? வீட்டுக்கு வந்து பேசியிருக்கலாமே."

"பேசுனா உறுதியாயிரும். திருப்பி வாங்குனா தோசம். பஸ்ஸுல மறந்து வச்ச மாதிரி போயிட்டா ஒரு சேலையோட போகும்." ஒளிக்காமல் சொன்னார். "எனக்குப் புடிக்கல. சொந்த ஜனம்னுகூடப் பார்க்காம, குளிர்ல நிக்க வச்சு மூட்டையைப் புடுங்குன. கொஞ்சமாச்சும் நம்புனியா?"

எனக்குக் கோபம் வந்தது. பெரியப்பாவின் தக்காளி ஞாபகம் வந்தது.

"நம்பல. எப்படி நம்புவேன்? ராமசாமின்னீங்க. கீழன்னீங்க. ஐசி இல்லன்னீங்க. நான் எப்படிப்பட்ட பொண்ணுன்னு பார்க்கத்தானே வந்தீங்க? பார்த்துட்டீங்கல்ல. பேரு சொல்லாதவங்களுக்கு, சொந்த ஜனமா இருந்தாலும், நான் சாவி குடுக்கறதில்ல."

டாக்சிக்காரர் பல்குத்தும் குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கணவர் முதல்முறையாக மனைவியைப் பார்த்துப் பேசினார். "இதைத் தெரிஞ்சுக்கத்தானேடி ரெண்டு பஸ் மாறி வந்தோம்?"

"நீங்க பேசாதீங்க. எல்லாம் உங்க இடுப்பால வந்தது."

மூட்டையை அவர்களிடம் நீட்டவில்லை நான். கார் முன்மூடியின் மேல் வைத்தேன். இஞ்சின் சூடு இன்னும் இருந்தது, வெற்றிலை வாசனை எழும்பியது.

"என் கையிலேருந்து உங்க கைக்கு வர வேண்டாம். கார் மேல வச்சிருக்கேன். எடுக்கிறதும் விடுறதும் உங்க இஷ்டம். யாரும் யாருக்கும் குடுக்கல, யாரும் திருப்பி வாங்கல. பொண்ணு கேக்கணும்னா வீட்டுக்கு வாங்க. பகல்ல வாங்க. சொந்தப் பேருல வாங்க. வேலையை விடச் சொல்றதா இருந்தா வராதீங்க."

திரும்பி நடந்தேன்.

ஓட்டலுக்கு வந்ததும் தவுக்கே கேட்டார். "டெப்பாசிட் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு."

"ரசீது?"

அக்கா சிரித்துச் சிரித்து வாளியைக் கவிழ்த்துவிட்டார்.

லயத்து வாசலில்

அதற்குப் பிறகு ஒரு பேச்சும் இல்லை. லோரிக்கு வேறு ஓட்டுநர் வந்தார். கோஸ் எடை சரியாக இருந்தது. அம்மா அடுப்பிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டார். மூன்றாவது இடமும் கலைந்தது என்று எல்லாரும் எடுத்துக்கொண்டோம். நான் வழக்கம்போலக் காசுக்காரர்களை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு புதன்கிழமை, எனக்கு லீவு. நல்ல பகல். அம்மா முறத்தில் அரிசியோடு வாசலுக்குப் போனவர் அப்படியே உள்ளே ஓடி வந்து என் முதுகைத் தள்ளினார்.

எங்கள் வீட்டுக் கதவு இரண்டாக வெட்டியது. மேல்பாதி திறந்திருந்தது, கீழ்ப்பாதி சாத்தியிருந்தது. அந்தப் பக்கம் அந்த அம்மா நின்றிருந்தார். பின்னால் இரண்டு சட்டைக்காரர், அவர் கையில் தாம்பாளம், இந்தமுறை மூட்டை கட்டாமல், திறந்தபடி. அவருக்கும் பின்னால், தேயிலைப் புதரைப் பார்த்துக்கொண்டு மணியம்.

அந்த அம்மா செருப்பைக் கழற்றவில்லை. "வாங்க" என்று நான் சொல்லும்வரை காத்திருக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பதில் சொல்வதுபோல நிமிர்ந்து நின்று சொன்னார்.

"எம்பேரு அங்கம்மா. இவரு பேரு வீரப்பன், ராமசாமி இல்ல. தாப்பாவுக்கு உள்ள ரப்பர் எஸ்டேட்டு, ரெண்டாவது டிவிசன், கடைசி லயம். கவுண்டர் வேலையை விட வேணாம்." பிறகு சுருக்குப் பையை அவிழ்த்து, ஐசியை எடுத்துக் கீழ்க்கதவின் மேல் வைத்தார். "பார்த்துக்க."

"ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க, உள்ள வாங்க" என்று அம்மா பதறினார்.

நான் ஐசியை எடுத்தேன். படத்தைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன். திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தேன். அம்மா பின்னாலிருந்து என் கையை நறுக்கென்று கிள்ளினார்.

படித்து முடித்த பிறகுதான் கீழ்க்கதவின் தாழ்ப்பாளை எடுத்தேன்.